சொல்லை இறக்கிவைத்த உடல்: சந்திரலேகாவின் ஆடலும் கவிதையும், உடுவிலிலிருந்து ஒரு வாசிப்பு

கேள்வி

பரதத்தைக் களரிப்பயிற்றோடும் யோகத்தோடும் இணைத்து மேடையேற்றிய நடன அமைப்பாளர் என்றே சந்திரலேகாவை (1928–2006) நடன உலகம் அறியும். அதே சந்திரலேகா ஆங்கிலத்தில் கவிதை எழுதினார், சுவரொட்டிகள் வடிவமைத்தார், பெண்ணுரிமை இயக்கத்தில் நின்றார். இந்த இரு பக்கங்களையும் தனித்தனியே பேசும்வரை சிக்கல் எதுவும் தெரிவதில்லை. சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒரு முரண் கண்ணில் படுகிறது. எழுத்தோடு இவ்வளவு நெருங்கி வாழ்ந்த ஒருவர், 1985இல் ‘அங்கிகா’ தொடங்கி 2001இல் ‘சரீரா’ வரை தாம் அமைத்த ஆற்றுகைகளில் பாட்டின் பொருளை முகத்தாலும் கையாலும் விரித்துக் காட்டும் அபிநய மரபைப் படிப்படியாக ஒதுக்கினார். சொல்லை நேசித்தவர் மேடையில் சொல்லை ஏன் இறக்கிவைத்தார்?

இந்த விலக்கலுக்குக் காரணம் சொல்லின் மீதான வெறுப்போ அவநம்பிக்கையோ அன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். சொல்லின் வேலை எது, உடலின் வேலை எது என்பதைக் கவிதை எழுதிப் பழகிய ஒருவர் கறாராகப் பிரித்துப் பார்த்ததால் வந்த விளைவு அது. பாட்டு சொல்வதையே கை திரும்பச் சொன்னால் பாட்டும் நலியும், கையும் நலியும். அந்த நலிவிலிருந்து இரண்டையும் மீட்க அவர் எடுத்த வழி, கவிதையின் சுருக்கத்தையும் இடைவெளியையும் உடலுக்கு மாற்றுவது.

இந்தக் கேள்வியை உடுவிலில் இருந்து கேட்பதற்குத் தக்க காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1824இல் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கிய ஊர் இது. பக்கத்து மருதனார்மடத்தில் சேர் பொன். இராமநாதன் 1913இல் சைவப் பெண்களுக்கான கல்லூரியை நிறுவினார். அதே சூழலில் 1960இல் சு. நடேசபிள்ளையின் முயற்சியால் இராமநாதன் இசைக் கல்லூரி எழுந்தது. மகாராஜபுரம் சந்தானம் அதற்கு அதிபராக இருந்து கற்பித்தார். பின்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, நடனத்தில் நுண்கலைமாணிப் பட்டம் வழங்கும் இடமாயிற்று. தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தந்த இணுவில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஏட்டுக்கல்வியும் இசையும் ஆட்டமும் இவ்வளவு நெருங்கி வாழும் ஒரு நிலப்பரப்பில், உடலுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவு பாடத்திட்டம் வகுப்போரும் மாணவியரும் அன்றாடம் முகங்கொடுக்கும் விடயம்.

இதுவரையான விளக்கங்கள்

சந்திரலேகாவைப் பற்றிய பேச்சில் மூன்று விளக்கங்கள் முன்னிற்கின்றன. முதலாவது, மரபை உடைத்த கலகக்காரி என்ற சித்திரம். பத்திரிகைகளுக்கு இது வசதியானது. வெள்ளை முடியும் பெரிய பொட்டுமாக அவர் நின்ற தோற்றமும் அதற்கு உதவியது. ஆனால் தஞ்சை நட்டுவ மரபில் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பயின்றவர், அரைமண்டியை வாழ்நாள் முழுதும் தம் கலையின் மையமாகப் போற்றியவர், மரபை உடைத்தவர் என்ற சொல்லுக்குள் எளிதில் அடங்கமாட்டார். இரண்டாவது, ருஸ்தம் பருச்சா 1995இல் வெளியிட்ட நூல் முன்வைத்த அரசியல் வாசிப்பு. பெண், நடனம், எதிர்ப்பு என்ற மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவரும் அந்நூல் இன்றளவும் அடிப்படையானது. அவருடைய எழுத்தையும் அது கணக்கில் எடுக்கிறது; எனினும் எழுத்து அங்கே பெரிதும் வாழ்க்கையின் சான்றாகவே நிற்கிறது. மூன்றாவது, தந்திரம், யோகம், பிரபஞ்ச ஆற்றல் என்ற சொற்களால் அமைந்த தத்துவ வாசிப்பு. சந்திரலேகாவின் சொந்தப் பேச்சுகளே இதற்கு ஊற்று.

மூன்றும் பொய்யல்ல. கலகம் அவர் எதிலிருந்து விலகினார் என்பதைச் சொல்கிறது; அரசியல் ஏன் விலகினார் என்பதைச் சொல்கிறது; தத்துவம் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதைச் சொல்கிறது. எப்படிச் செய்தார் என்ற கேள்வி மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. ஒரு அசைவுக்குப் பின் எந்த அசைவு, எங்கே நிறுத்தம், எதைச் சொல்லாமல் விடுவது என்பவை ஆக்கமுறை பற்றிய முடிவுகள். அவற்றுக்கு விடை தேடும்போதுதான் கவிதை தேவைப்படுகிறது.

யமுனையின் நீரும் இராயலசீமையின் வறட்சியும்

மராட்டியத்தின் வாடா என்னும் ஊரில் பிறந்து, சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுச் சென்னைக்கு வந்தவர் சந்திரலேகா. அவருடைய அரங்கேற்றம் 1952இல் இராயலசீமை வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. அந்நிகழ்வைப் பற்றி அவர் பிற்காலத்தில் சொன்னது நடன வரலாற்றில் பலமுறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. ‘மதுரா நகரிலோ’ என்ற உருப்படியில் யமுனையின் நீர்ப்பெருக்கையும் நீர்விளையாட்டையும் அபிநயித்துக்கொண்டிருந்தபோது, பத்திரிகைகளில் பார்த்த வெடித்த நிலமும் தண்ணீருக்குக் காத்திருக்கும் மக்களும் அவர் மனத்தில் எழுந்தனர். தண்ணீர் இல்லாதவர்களுக்காகத் தண்ணீரின் வளத்தை ஆடிக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வில் ஒரு கணம் உறைந்துபோனார்.

ஒரு கலைஞரின் சமூக மனச்சாட்சி விழித்த கணம் என்றே இதைப் பொதுவாக வாசிப்பார்கள். அந்த வாசிப்பு சரி, போதாது. மனச்சாட்சி மட்டும் விழித்திருந்தால் அவர் வறட்சியைப் பற்றிய ஒரு பாட்டைத் தேர்ந்து அதற்கு அபிநயம் பிடித்திருக்கலாம். சமூகக் கருத்துள்ள நாட்டிய நாடகங்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் அப்படித்தான் பெருகின: பாடுபொருள் மாறியது, ஆடும் முறை மாறவில்லை. அவர் அந்த வழியில் போகவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

அபிநயத்தில் தண்ணீர் எப்படி வருகிறது என்பதைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். மேடையோரத்தில் அமர்ந்திருக்கும் பாடகர் நதி என்ற சொல்லைத் தொடுகிறார். ஆடுபவரின் விரல்கள் சேர்ந்து நீண்டு, உள்ளங்கை நெளிந்து, அலை ஓடுகிறது. கண் கையைப் பின்தொடர்கிறது. பாடகர் அடுத்த சொல்லுக்குப் போனால் கையும் அடுத்த முத்திரைக்குப் போகவேண்டும். நல்ல கலைஞரிடம் இது அழகானது. ஆனால் கை எதைக் காட்டவேண்டும் என்பதைப் பாட்டு முன்னமே தீர்மானித்துவிட்டது. நீரைக் காட்டும் கையால், இந்த மண்டபத்துக்கு வெளியே நீர் இல்லை என்பதைக் காட்ட முடியாது. ஒரு கவிதையில் நிலைமை வேறு. நதி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெடித்த மண் என்று ஒரு கவிஞர் எழுதி, நடுவில் ஒரு விளக்கமும் தராமல் விட்டுவிடலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள வெறுமையே பொருளைத் தாங்கும். 1952இல் சந்திரலேகா மேடையில் உணர்ந்த தடை, இப்படி அருகருகே வைக்கும் உரிமை ஆடும் உடலுக்கு இல்லை என்பது. அவருடைய பிற்கால ஆற்றுகைகள் அனைத்தும் அந்த உரிமையை மீட்கும் முயற்சிகளாகத் தெரிகின்றன.

மேடைக்கு வெளியே

1960இல் ‘தேவதாசி’, 1972இல் ‘நவக்கிரகம்’. இவ்விரண்டைத் தவிர 1984வரை மேடையோடு அவருக்கு இருந்த தொடர்பு மெலிந்தது. வாழ்க்கை வரலாறுகள் இக்காலத்தை ஓர் இடைவெளியாகவே எழுதிச் செல்கின்றன. ஆக்கமுறையைத் தேடுவோருக்கு இந்த ஆண்டுகள்தான் செழிப்பானவை.

சென்னை நகரத்தைப் பற்றி அவர் எழுதிய ‘ரெயின்போ ஆன் தி ரோட்சைட்’ என்னும் ஆக்கம் தன் துணைத்தலைப்பிலேயே தன்னை மொன்டாஜ் என்று அழைத்துக்கொள்கிறது. திரைப்படத் தொகுப்பிலிருந்து வந்த அச்சொல் தற்செயலாக விழுந்ததாகத் தோன்றவில்லை. இரண்டு காட்சிகளை ஒட்டவைத்து, எந்த ஒன்றிலும் இல்லாத மூன்றாவது பொருளைப் பார்ப்பவர் மனத்தில் பிறக்கவைப்பதே அந்த முறை. நதிக்கும் வறட்சிக்கும் இடையே 1952இல் நேர்ந்த மோதலுக்கு மேடை தராத வடிவத்தை, எழுத்து அவருக்குத் தந்தது.

சுவரொட்டிப் பணியும் இதே பாடத்தைத்தான் கற்பித்திருக்கும். தம் நெடுநாள் தோழர் சதானந்த் மேனனோடு சேர்ந்து ‘ஸ்கில்ஸ்’ என்ற அமைப்பின் வழியே அவர் பெண்கள் அமைப்புகளுக்கும் மனித உரிமைக் குழுக்களுக்கும் வடிவமைப்புப் பயிற்சி அளித்தார். 1982இல் இருவர் மீதும் இராசத்துரோக வழக்குப் போடப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. அந்த அளவுக்கு அவர்களுடைய காகிதங்கள் அதிகாரத்தின் கண்ணில் பட்டிருந்தன. சுவரொட்டியில் படமும் வாசகமும் ஒரே செய்தியைச் சொன்னால் இடம் வீண். படம் ஒன்றைத் தொடங்கவேண்டும், வாசகம் வேறு திசையிலிருந்து வந்து அதைச் சந்திக்கவேண்டும். இந்தத் தொழிற்பழக்கத்தோடு ஒருவர் மறுபடி நடன மேடைக்கு வந்தால், பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் கை திரும்பச் சொல்லும் முறை அவருக்குக் கூறியது கூறலாகவே படும். தொல்காப்பிய மரபில் வந்த நமக்கு அது நூலின் குற்றங்களுள் ஒன்று என்பது சிறுவயதுப் பாடம்.

அங்கிகா முதல் சரீரா வரை

1984இல் பம்பாயில் நடந்த கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பு அவரை மேடைக்குத் திருப்பியது. மறு ஆண்டு ‘அங்கிகா’ வந்தது. கடவுளரும் காத்திருக்கும் நாயகியும் நீங்கிய மேடையில் களரி வீரர்களின் தாழ்ந்த நிலைகளும் யோக ஆசனங்களும் பரதத்தின் அடவுகளும் அடுத்தடுத்து நின்றன. களரியின் கால் வீச்சுக்கு அருகில் அரைமண்டி வைக்கப்படும்போது, அதுவரை அலங்காரமாகத் தெரிந்த அரைமண்டி ஒரு போர் நிலையின் உறவினராகத் தெரிகிறது. இரண்டும் ஒன்றே என்று யாரும் விளக்கவில்லை. அருகருகே வைத்தது மட்டும்தான் செயல். எழுத்தில் பழகிய மொன்டாஜ் உடலுக்கு வந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். சந்திரலேகா மேடையை ஊமையாக்கவில்லை. சொற்கட்டுகள் இருந்தன, இசை இருந்தது. தா, தை, தோம் என்ற சொற்கட்டுக்கு ஒலியும் கணக்கும் உண்டு. அகராதிப் பொருள் கிடையாது. ‘சரீரா’வில் துருபத் இசைக் கலைஞர்கள் பாடியபோதும் இதே தேர்வு தெரிகிறது. துருபத்தின் ஆலாபனை பொருளற்ற அசைகளால் நீண்ட நேரம் கட்டப்படுவது. உடலுக்கு ஆணையிடாத ஒலியை அவர் தேடித் தேடி எடுத்தார்.

இந்த வாதத்துக்கு எதிர்ச்சான்றாக முன்வைக்கத்தக்க ஆற்றுகை 1989இன் ‘லீலாவதி’. அதன் அடித்தளமே ஒரு நூல்: பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டில் செய்யுளாக இயற்றிய கணித நூல். சொல்லை ஒதுக்கியவர் ஏன் ஒரு செய்யுள் நூலை எடுத்தார்? அந்நூலின் புகழ்பெற்ற கணக்கொன்றைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. ஒரு வண்டுக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மலருக்கும் மூன்றில் ஒரு பங்கு வேறொரு மலருக்கும் போகின்றன. இவ்விரு பங்குகளின் வித்தியாசத்தைப் போல் மும்மடங்கு மூன்றாவது மலருக்குப் போகின்றன. எஞ்சிய ஒரு வண்டு இரு மணங்களுக்கு நடுவே தத்தளிக்கிறது. மொத்தம் எத்தனை? பதினைந்து. வண்டும் மலரும் சிருங்காரத்தின் பழைய சரக்குகள்; எந்த மாணவியும் அவற்றைக் கையில் பிடித்துக் காட்டிவிடுவாள். ஐந்தில் ஒரு பங்கை எந்த முத்திரையால் காட்டுவது? அதற்கு மேடையின் இடத்தைப் பிரிக்கவேண்டும், ஆட்களைக் கூட்டிக் கழிக்கவேண்டும், தாளத்தை வகுக்கவேண்டும். இத்தகைய செய்யுளின் முன்னால் பொருளைக் கையால் மொழிபெயர்க்கும் அபிநயம் பாதியில் நின்றுவிடுகிறது. ‘லீலாவதி’யில் சந்திரலேகா சொல்லைத் திரும்ப அழைத்தார், ஆனால் உடலுக்கு ஒரு புதிரை இடும் சொல்லாக அழைத்தார். என் வாதத்தை இந்த ஆற்றுகை குலைக்கவில்லை. அவர் விலக்கியது சொல்லையல்ல, சொல்லுக்கும் கைக்கும் இடையே இருந்த ஏவல் உறவை என்பதை இதுவே உறுதிப்படுத்துகிறது.

1990களின் தொடக்கத்தில் வந்த ‘ஸ்ரீ’ இன்னொரு வகையில் முக்கியமானது. முதுகெலும்பு மடங்கிய பெண்கள், தலை நிலம் நோக்க, மெதுவாக மேடையைக் கடக்கிறார்கள். அவர்கள் எந்தக் கதையின் பாத்திரங்களும் அல்லர். பெயர் இல்லை, கணவன் இல்லை, துயரத்துக்குக் காரணம் சொல்லும் பாட்டும் இல்லை. நிமிர்ந்த முதுகே அழகு என்று பழக்கப்பட்ட பரதப் பார்வையாளருக்கு அந்த வளைவு தாங்கமுடியாத நீளத்துக்குத் தொடர்கிறது. இதே கருத்தைச் சொல்லும் நாட்டிய நாடகம் வரதட்சணைக்காரரையும் கண்ணீர்விடும் தாயையும் மேடையேற்றியிருக்கும். பார்வையாளர் இரங்கி, அது தம் வீட்டுக் கதையல்ல என்று ஆறுதலும் அடைந்திருப்பார். ‘ஸ்ரீ’ அந்த ஆறுதலைத் தருவதில்லை. ஒரு நல்ல கவிதை விளக்கத்தை மறுப்பதால் பெறும் வலிமையை அந்த நடை பெறுகிறது.

1994இன் ‘யந்திரா’ சௌந்தர்ய லஹரியிலிருந்து தூண்டுதல் பெற்றும் அதன் வருணனைகளை வரிவரியாகக் காட்டாமல் முக்கோணம், புள்ளி, விரிவு என்ற வடிவங்களுக்குப் போனது. இந்தப் பாதையின் முடிவில் ‘சரீரா’ நிற்கிறது: ஒரு பெண், ஓர் ஆண், மிக மெதுவாக விரியும் உடல்கள். அதில் ஆடிய திஷானி தோஷி ஒரு கவிஞர். 2001இல் சந்திரலேகாவிடம் வந்தபோது அவருக்கு வயது இருபதுகளில். முறையான பரதப் பயிற்சியோடு வந்தவர் அல்லர். அவருடைய முதல் கவிதைத் தொகுதி ‘கன்ட்ரீஸ் ஆஃப் தி பாடி’ 2006இல் பிரித்தானியாவின் ஃபோர்வர்ட் பரிசைப் பெற்றது. தம் கடைசிப் பெரும் படைப்புக்கு ஒரு கவிஞரின் உடலைச் சந்திரலேகா தேர்ந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

பாலசரஸ்வதியை என்ன செய்வது?

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மிக வலுவான மறுப்பு பாலசரஸ்வதியின் (1918–1984) பெயரால் வரும். அவருக்கும் நட்டுவாங்கம் செய்த எல்லப்ப பிள்ளையே சந்திரலேகாவின் ஆசான் என்பதால் இந்த மறுப்பு ஒரே வீட்டுக்குள்ளிருந்து வருவது. 1975இல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் பாலசரஸ்வதி பரதக் கச்சேரியின் வரிசையை ஒரு கோயிலுக்குள் நுழைவதோடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரமாக, ஜதிஸ்வரமும் சப்தமும் மண்டபங்களாக, பதம் கருவறைக்கு உரிய இடமாக அமைகிறது. சொல்லின் நுண்பொருளை இசையோடு அபிநயிக்கும் பதம்தான் அவருக்கு உள்ளிடம். ஒரே வரியை மீண்டும் மீண்டும் பாடி, ஒவ்வொரு தடவையும் வேறொரு பொருளைத் திறப்பது அவர் வழி. அங்கே கை சொல்லுக்கு ஏவல் செய்யவில்லை. சொல்லில் இல்லாததைக் கண்டுபிடிக்கிறது. அப்படியானால் சந்திரலேகா கண்டித்தது மரபையா, மரபின் மோசமான பிரதிகளையா?

இதற்கு நேர்மையான பதில் இரண்டு பகுதிகளாகத்தான் வரும். பாலசரஸ்வதியின் அபிநயம் என் வாதத்தில் சொன்ன குறைக்கு ஆளாகவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் அந்த அபிநயம் வீணை தனம்மாளின் பேத்தியாக, இசை மூச்சாக இருந்த ஒரு வீட்டில், பாடியபடியே ஆடி வளர்ந்தவரின் சொத்து. அவர் பிறந்த தேவதாசிச் சமூகத்தின் வாழ்வாதாரத்தைச் சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தால் அடைத்தது. கலை மேடைக்கும் பாடத்திட்டத்துக்கும் மாறியபோது கண்டுபிடிக்கும் கை மனனம் செய்த கையாயிற்று. அந்த இழப்பை மறைத்துப் போலி செய்வதைவிட, வேறு நிலத்திலிருந்து தொடங்குவது மேல் என்று சந்திரலேகா முடிவெடுத்தார். இந்த முடிவுக்கு விலையும் உண்டு. பதத்தில் இருந்த குறும்பு, ஊடல், நாயகியின் நாக்கின் கூர்மை, இவற்றில் எதுவும் அவருடைய மேடையில் இல்லை. தெலுங்கும் தமிழும் பேசிய அந்தப் பெண்குரல்களின் இடத்தில் சமஸ்கிருத நூல்களும் தந்திரக் கருத்துருவங்களும் வந்து அமர்ந்தன என்ற விமர்சனமும் நியாயமானது. ‘தேவதாசி’ என்று பெயரிட்டுத் தொடங்கிய ஒரு படைப்புப் பயணம் அந்தப் பெண்களின் பாடல்களை விட்டுவிட்டது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

யாழ்ப்பாணத்தின் மறுப்பு

இரண்டாவது மறுப்பு இங்கிருந்தே எழுவது. சென்னைப் பெசன்ட் நகர்க் கடற்கரையில் இருந்துகொண்டு சொல்லை இறக்கிவைக்கலாம். சொல்லே உயிருக்கு ஆபத்தான ஓரிடத்தில் அது பெருந்தனக்காரரின் அழகியல் ஆகாதா? 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கையில் மேடையேறிய ‘மண் சுமந்த மேனியர்’ சொல்லாலும் பாட்டாலும் குழு அசைவாலும் ஒரு சமூகத்தின் துயரத்தை வெளியே கொண்டுவந்தது. 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ பத்துப் பெண்களின் கவிதைகளைத் தாங்கிவந்தது. அதில் எழுதிய சிவரமணி 1991 மே மாதத்தில் கையிலிருந்த தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்ற கவிஞர் செல்வியை அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று விடுதலைப் புலிகள் கொண்டுசென்றனர், அவர் திரும்பவில்லை. 1992இல் சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென், எழுதும் சுதந்திரத்துக்கான விருதை அவர் பெயருக்கு அளித்தது. கவிதையும் அரங்கும் ஒரே பெண்ணில் கூடிய நிகழ்வு நமக்கும் இருந்தது. அது வளர விடப்படவில்லை. இத்தகைய மண்ணில் சொல் குறைவது விடுதலையாக எப்படித் தோன்றும்?

தானே தேர்ந்த மௌனமும் பிறர் திணித்த மௌனமும் வேறுவேறு என்பதை முதலில் சொல்லவேண்டும். செல்வியின் சொல்லைப் பறித்தவர்கள் பயந்தது, தன் பொருளைத் தானே தீர்மானித்த சொல்லுக்கு. சந்திரலேகா மேடையில் வேண்டியது தன் பொருளைத் தானே தீர்மானிக்கும் உடலை. இவ்விரண்டும் பகையல்ல. மேலும், இரங்கலும் எழுச்சியும் ஊட்டும் பாட்டுக்கு உடல் அபிநயம் பிடிக்கும் வடிவத்தை எந்த அதிகாரமும் எளிதில் தன் பிரசாரத்துக்கு எடுத்துக்கொள்ள முடியும். பாட்டை மாற்றினால் போதும், ஆட்டம் அப்படியே பொருந்திவிடும். ‘ஸ்ரீ’யின் வளைந்த முதுகுகளுக்கு மேல் வேறொரு பாட்டை ஒட்டிப் பிரசாரம் ஆக்குவது அவ்வளவு எளிதல்ல.

இதற்கு மேலும் ஒன்று உண்டு; எனக்கு மிக முக்கியமாகப் படுவது. சொல்லையும் ஆட்டத்தையும் பிரித்து வைக்கும் முறையை அறிய ஈழத்தமிழர் சந்திரலேகாவுக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. நம் கூத்தில் அது உண்டு. வடமோடிக் கூத்தர் வரவின்போது தாளக்கட்டுக்கு ஆடுவார். பிறகு நின்று தன் பாட்டைத் தானே பாடுவார். பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளம் எழ மீண்டும் ஆட்டம். பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் கை முத்திரை பிடிக்கும் கட்டாயம் அங்கில்லை. சொல் தன் நேரத்தில், கால் தன் நேரத்தில். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைச் செம்மைப்படுத்தி மேடையேற்றியதும், சி. மௌனகுரு ‘சங்கார’த்தில் வடமோடி ஆட்டத்தைச் சமூக மாற்றத்தின் கதைக்குக் கொண்டுவந்ததும் இந்தப் பிரிவினையின் ஆற்றலை அறிந்த முயற்சிகள். போர் நிலையும் ஆட்ட நிலையும் உறவுடையவை என்பதைக் காணச் சந்திரலேகா கேரளத்துக் களரிக்குப் போனார். கூத்தின் வீரநடைகளில் நமக்கு அது வீட்டு வாசலிலேயே கிடக்கிறது.

மருதனார்மடத்தில்

பரதம் இலங்கைப் பாடசாலைகளில் அழகியற் பாடம். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் வழியாகக் கலாவித்தகர் வரை போகும் ஏணி. மருதனார்மடத்தில் பட்டப் படிப்பு. பெண்பிள்ளைகளின் உடலுக்கு இந்தக் கல்வி தந்த நிமிர்வைக் குறைத்துப் பேசக்கூடாது. நல்லூர்க் கோயிலில் தேவதாசியர் ஆட்டத்தை ஆறுமுக நாவலர் கண்டித்த ஒரு சமூகத்தில், ஆடுவது கௌரவமான கல்வி ஆனதே ஒரு நூற்றாண்டு மாற்றம். ஆனால் பரீட்சை, அளக்கக்கூடியதையே விரும்பும். முத்திரையின் பெயர், அதன் விநியோகம், பாட்டின் வரிக்குப் பொருத்தமான கை, இவற்றுக்குப் புள்ளி இடலாம். எங்கே ஒன்றும் காட்டாமல் நிற்பது என்ற முடிவுக்குப் புள்ளியிட எளிய வழியில்லை. ஆகவே கேட்கப்படாதது கற்பிக்கப்படாமலும் போகிறது.

அது கற்பிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திஷானி தோஷியே சான்று: பின்னாளில் ‘கேர்ள்ஸ் ஆர் கமிங் அவுட் ஆஃப் தி வூட்ஸ்’ என்ற தம் கவிதையைத் தாமே ஆடினார். பெண்கள் மீதான வன்முறையைப் பேசும் கவிதை அது. சந்திரலேகாவின் பயிற்சியில் சொல்லிலிருந்து விலகக் கற்ற உடல், இப்போது சொந்தச் சொல்லோடு மேடையேறியது. அந்த உறவு பழைய ஏவல் உறவாகத் திரும்பவில்லை என்பதால்தான் அது இங்கே பொருட்படுத்தத்தக்கது.

நுண்கலைமாணிப் பட்டத்துக்காக ஆற்றுகை தயாரிக்கும் மாணவி ஒருத்தி ‘சொல்லாத சேதிக’ளிலிருந்து ஒரு கவிதையை எடுத்துக்கொள்வதாக வைப்போம். பாடகர் பாட, வரிவரியாக அபிநயிப்பது ஒரு வழி. அதற்கு வேண்டிய எல்லாம் அவளுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. கூத்தர் போல் கவிதையை அவளே நின்று சொல்லி, பிறகு சொல் ஓய்ந்த இடத்தில் தாளக்கட்டுக்கு மட்டும் ஆடுவது இன்னொரு வழி. கவிதையைப் பார்வையாளர் கையில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, மேடையில் அதன் ஒரு சொல்லையும் காட்டாமல், அந்தக் கவிதை எழுதப்பட்ட காலத்தில் ஒரு பெண்ணின் முதுகும் கழுத்தும் எப்படி இருந்திருக்கும் என்பதை மட்டும் தேடுவது மூன்றாவது. மூன்றையும் செய்து பார்த்து, எதில் கவிதை பெரிதாகிறது, எதில் உடல் பெரிதாகிறது, எதில் இரண்டும் என்று பட்டறையில் விவாதிக்க ஒரு தவணை போதும். அதற்கு வேண்டிய கவிதை, மத்தளம், கூத்து அறிந்த அண்ணாவிமார், அரைமண்டியில் நெடுநேரம் நிற்கப் பழகிய கால்கள் எல்லாம் இந்தத் தீவுக்குள்ளேயே இருக்கின்றன. பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு தாள் ஒதுக்கவேண்டியதே மிச்சம்.